பஸ் வருகிறதென்று சமிக்ஞை விளக்குக்கு எப்படித் தெரியும்? ஒற்றை ஒழுங்கையில் செய்து பார்த்த கதை

ஒரு மாரி தாண்டிவிட்டது. வண்டியை உணரத் தரைக்குள் போட்ட மூன்று லூப்பும் (கம்பிச் சுற்று) இன்னும் ஒழுங்காக வேலை செய்கின்றன. முதல்முறை போட்டவை மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. எங்கே பிழைத்தது, எதை மாற்றியபின் நிமிர்ந்தது என்பதை இனி எழுதலாம்.

இடம் திருகோணமலை, கண்டி வீதியோரம் ஒரு தனியார் பஸ் வளவு. வளவிலிருந்து வீதிக்கு ஏற ஒரே ஒழுங்கை: நீளம் 60 மீற்றர், அகலம் 4 மீற்றர், ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மூடியில்லாத வடிகான். பஸ், மீன் கூலர் லொறி, தண்ணி பௌசர், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் அதற்குள்ளால்தான். எதிரெதிரே இரண்டு வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும். பின்னுக்குப் போவது பஸ் என்றால் ரயர் வடிகானுக்குள் இறங்கும். ஆகவே இரு முனையிலும் விளக்கு வைத்து மாறி மாறி விடுவது, அதற்குமேல் நேரசூசிப்படி ஓடவேண்டிய பஸ்ஸுக்கு மட்டும் முன்னுரிமை கொடுப்பது என்பதுதான் வேலை. பொதுவீதிச் சந்தியில் இப்படிக் கைவைக்கத் தனியாள் எவருக்கும் உரிமையில்லை. தனியார் வளவு என்பதால் செய்ய முடிந்தது. ஆனால் தரையை வெட்டுவது முதல் பச்சையை நீட்டுவது வரை முறை ஒன்றேதான்.

முதலில் நேரக் கணக்கு. ஒழுங்கைக்குள் பஸ் மணிக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் போகாது, அதாவது செக்கனுக்கு 4.2 மீற்றர். ஒழுங்கை 60, பஸ்ஸின் நீளம் 10.5, இந்த 70.5 மீற்றரைக் கடக்க 17 செக்கன் போகும். அதனால் இரு பக்கமும் சிவப்பாக நிற்கும் இடைவெளியை 18 செக்கன் என்று வைத்தோம். பச்சை 25, மஞ்சள் 3. வெளியே போகும் பக்கத்துக்கு 46, உள்ளே வரும் பக்கத்துக்கு 46, சுற்று 92 செக்கன். பச்சை போய் மஞ்சள் விழும் நொடியில் வந்து சேரும் பஸ் 3+18+25+3+18 என்று 67 செக்கன் நிற்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த ஆட்கள் உள்ளே இருக்கும்போது 67 செக்கன் மிக நீளம்.

உணரி: முதல் பிழை

மலிவாகக் கிடைத்த நுண்ணலை அசைவு உணரியில் (ஆர்.சி.டபிள்யு.எல்.0516) தொடங்கினோம். அசைகிற எதையும் அது பிடிக்கும், ஆறேழு மீற்றர் வரை எட்டும். இந்த ஊரில் அதுவே குறை. மான்கள் நகரத்துக்குள் தாராளமாகத் திரிகின்றன, விடியற்காலையில் வளவுக்குள்ளும் வரும். நாலு மான் விளக்கடியில் நின்று காதை ஆட்டினால் பஸ் நிற்கிறது என்று கருவி நினைக்கிறது. நின்றுவிட்ட பஸ்ஸோ அசைவதில்லை, ஆகவே அதைக் காணாது. வேலைக்குத் தேவையானதற்கு நேர் எதிர். இரும்பை மட்டும் பார்க்கிற, நிற்பதையும் பார்க்கிற ஒன்று வேண்டும். அது தரைக்குள் புதைக்கும் லூப்தான்.

லூப் என்பது வெறும் கம்பிச் சுற்று. அதில் பல பத்தாயிரம் ஹேர்ட்ஸில் ஓர் அலையூட்டி ஓடிக்கொண்டிருக்கும். மேலே வண்டி வந்தால் அதன் உலோகத் தளத்தில் சுழல் மின்னோட்டம் எழும்பும், லூப்பின் தூண்டம் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை) குறையும், அலைவெண் கூடும். அந்தக் கூடுதலை எண்ணினால் போதும். மானுக்கு அது எதிர்வினை காட்டாது.

தரையை வெட்டியது

வழமையான அளவு 1.8 மீற்றர் சதுரம், மூன்று சுற்று. அதையே எடுத்தோம். 4½ அங்குல கிறைண்டரில் வெட்டத் தொடங்கியது தவறு: அந்த வாள் 30 மில்லிமீற்றருக்குக் கீழே இறங்காது. 9 அங்குல கிறைண்டரை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தபின்தான் 50 மில்லிமீற்றர் கிடைத்தது. தரை கொங்கிறீட், 65 மில்லிமீற்றர் ஆழத்தில் கம்பி வலை ஓடுகிறது. இதற்கு மேல் ஆழம் போனால் வலையை அறுத்துவிடுவோம்.

மூலையை நேராக 90 பாகையில் வெட்டி விட்டால் வயர் அந்த விளிம்பில் மடிந்து, பஸ் ஏறி ஏறி இன்சுலேஷன் தேயும். ஒவ்வொரு மூலைக்கும் 20 சென்ரிமீற்றர் குறுக்கு வெட்டு ஒன்று போட்டு முனையை மழுக்கவேண்டும். முதல்முறை இரண்டு மூலைக்குத்தான் போட்டோம். தேய்ந்தது மற்ற இரண்டும்தான் என்று சொல்லத் தேவையில்லை.

வயர்: வீட்டு வேலைக்கான 1.5 சதுர மில்லிமீற்றர் பி.வி.சி. வயர். மூடியது: காய்ச்சிய தார். இரண்டும் சேர்ந்தால் கேடு. ஊற்றும்போது தார் 160 பாகைக்கு மேல் இருக்கும், பி.வி.சி. அதற்கு வெகு கீழேயே இளகிவிடும். மேலே பார்க்க அழகாக இறுகிக் கிடந்தது. உள்ளே சுற்றோடு சுற்று ஒட்டியிருந்தது. ஊற்றுவதற்கு முன் எல்.சி.ஆர். மீற்றரில் (தூண்டம் அளக்கும் கருவி) 69 மைக்ரோஹென்றி காட்டியது (கம்பி வலை இல்லாவிட்டால் 75 வரை வந்திருக்கும்). ஊற்றிய பின் 30க்குக் கீழே. சுற்றுகள் தங்களுக்குள் தொட்டுவிட்டன என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. தொடர்ச்சி பார்க்கும் சாதாரண மீற்றரில் இது தெரியவே தெரியாது. கம்பி அறவில்லை, ஆகவே ‘பீப்’ அடிக்கும். தூண்டத்தை அளக்காமல் மூடாதீர்கள், மூடியபின்னும் ஒருதடவை அளந்து பாருங்கள்.

தாரைச் சுரண்டி எடுத்து, அதே வெட்டில் புது வயர் போட்டு, குளிர்ந்த எப்பொக்சியால் மூடியபோது அளவு திரும்ப 69க்கு வந்தது. லூப்பிலிருந்து பெட்டிக்கு 18 மீற்றர் கொண்டுபோகும் இரு வயரையும் ஒன்றோடொன்று முறுக்க வேண்டும், மீற்றருக்கு 16 முறுக்காவது. முறுக்கிய வயர் மீற்றருக்கு ஏறத்தாழ 0.7 மைக்ரோஹென்றி சேர்க்கும். ஆக மொத்தம் 82. அலையூட்டியில் 0.1 மைக்ரோஃபரட் கொண்டென்சர் இரண்டு தொடராக, அதாவது 0.05. அலைவெண் 78.6 கிலோஹேர்ட்ஸ் வரவேண்டும், 78.1 வந்தது.

கொண்டென்சரில் இன்னொரு பாடம். முதலில் கையிலிருந்த வட்டச் செரமிக் போட்டோம். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் பெட்டி மத்தியானம் அடுப்புப்போல் ஆகும். காலைக்கும் மத்தியானத்துக்கும் இடையே அலைவெண் 400 ஹேர்ட்ஸ் நகர்ந்தது. ஒரு பஸ் தருகிற மாற்றமே அவ்வளவு இல்லை. பொலிப்புரொப்பிலீன் கொண்டென்சராக மாற்றியதும் நகர்வு 40க்குள் அடங்கியது.

எண்ணும் முறையும் முக்கியம். 50 மில்லிசெக்கனில் எத்தனை அலை என்று எண்ணினால் துல்லியம் 20 ஹேர்ட்ஸ். மோட்டார் சைக்கிள் தரும் மாற்றம் 40 மட்டுமே, சத்தத்துக்குள் (தேவையற்ற மின் அதிர்வு) மறைந்துபோகும். தலைகீழாகச் செய்தோம்: 3,000 அலை கடக்க எவ்வளவு நேரம் என்று ஈ.எஸ்.பி.32 என்ற கட்டுப்பாட்டுச் சில்லின் 80 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தால் அளந்தோம். ஏறத்தாழ 38 மில்லிசெக்கனுக்கு ஒரு விடை, துல்லியத்துக்குக் குறைவில்லை.

பஸ்ஸை மட்டும் காணாத லூப்

லூப் வேலை செய்தது. ஓட்டோ, கார், பௌசரின் முன்பக்கம் எல்லாம் பிடிபட்டன. பஸ் மட்டும் இரண்டு வண்டியாகப் பதிந்தது. முன் அச்சு மேலே வரும்போது 280 ஹேர்ட்ஸ் ஏறும். நடு உடல் வந்ததும் 60க்கு விழும். பின் அச்சில் திரும்ப ஏறும். எல்லை 100 என்று வைத்திருந்ததால் நடுவில் ‘வண்டி போய்விட்டது’ என்று பதிவு.

காரணம் உயரம். லூப்பின் குறுகிய பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரைதான் அதன் பார்வை எட்டும். 1.8 மீற்றருக்கு 1.2 மீற்றர். கீழே கம்பி வலை அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். பஸ்ஸின் அடித்தளமோ தரையிலிருந்து ஒரு மீற்றர் அளவில் நிற்கிறது. எல்லையை 50க்கு இறக்கினால் பக்கத்தில் நிறுத்திய வண்டிகூடப் பதிகிறது. சுற்றைக் கூட்டுவது இதற்கு மருந்தல்ல, அகலத்தைத்தான் கூட்டவேண்டும்.

அதை உடனே செய்யாமல் ஒரு சுற்றுவழி போனோம். நீளத்தை அளந்தால் பஸ் எது, கார் எது என்று தெரியுமே என்று இன்னொரு 1.8 மீற்றர் லூப்பை 3.6 மீற்றர் தள்ளி வெட்டினோம், முன் விளிம்புக்கு முன் விளிம்பு. கணக்கு இலகு. முதல் லூப்பிலிருந்து இரண்டாவதுக்கு 1.2 செக்கன் எடுத்தால் வேகம் 3 மீற்றர், லூப்பின்மேல் 4.1 செக்கன் இருந்தால் 3×4.1=12.3, லூப்பின் 1.8ஐக் கழித்தால் 10.5 மீற்றர். பஸ். நடுவில் விழும் சிக்கலுக்கு 0.7 செக்கன் பிடித்துவைக்கும் தாமதம் போட்டோம்.

சீராக ஓடும் வண்டிக்கு நன்றாகவே வந்தது. வரிசையில் ஊர்ந்து, நின்று, திரும்ப எடுக்கும் வண்டிக்கு வரவில்லை. வேகம் நடுவில் மாறினால் கணக்கு பிழைக்கும். அதைவிடப் பெரிய பிழை: பௌசரும் கூலர் லொறியும் பஸ்ஸுக்குக் கிட்டிய நீளம். “தம்பி, பச்சை எனக்கு விழேல்ல, எனக்குப் பின்னால வந்த பௌசருக்குத்தான் விழுந்தது” என்று ஒரு சாரதி சொன்னார். பதிவைப் பார்த்தால் அவர் சொன்னது சரி. நீளத்தை மட்டும் வைத்து முன்னுரிமை கொடுப்பது பஸ் மட்டுமே ஓடும் தடத்தில்தான் சரிவரும்.

ஆளடையாளம்

வண்டியே தன்னை யாரென்று சொல்லவேண்டும். நெதர்லாந்தில் பஸ்ஸின் அடியில் குறிச்சொல் அனுப்பும் கருவி பொருத்தி லூப் மூலமாகவே வாசித்தார்கள். லண்டனில் முன்பு வீதியோரக் கருவி, பஸ்ஸில் பதில் சொல்லும் பெட்டி. பின்னர் பஸ் ஜீ.பீ.எஸ். மூலம் தன் இடத்தைத் தானே அறிந்து ரேடியோவில் சொல்லும் முறைக்கு மாறினார்கள். அமெரிக்காவில் பரவலான ஒப்டிகொம் முறையில் வண்டியின் விளக்கு செக்கனுக்கு ஏறத்தாழ 14 தடவை மின்னினால் அது தீயணைப்பு அல்லது அம்புலன்ஸ், 10 தடவை மின்னினால் பஸ். எங்களுக்கு ரேடியோ அனுமதிச் சிக்கல் வேண்டாம் என்பதால் ஒளி வழியை எடுத்தோம்: அகச்சிவப்பு, தொலைக்காட்சி ரிமோட் போலவே 38 கிலோஹேர்ட்ஸ்.

பஸ்ஸில் வைக்கும் பெட்டி: டி.எஸ்.ஏ.எல்.6200 அகச்சிவப்பு எல்.ஈ.டி. ஆறு, தொடராக. 12 வோல்ற்றில் 39 ஓம் தடை போட்டால் 90 மில்லியம்பியருக்கு மேல் ஓடும். 24 வோல்ற்று பஸ்ஸில் முதலில் வோல்ற்றைக் குறைத்துத் தரும் எல்.எம்.2596 மாற்றிப்பெட்டியைப் போட்டோம். அதன் உள்ளீட்டு எல்லை 40 வோல்ற்று. முன்னால் எஸ்.எம்.பி.ஜே.33ஏ பாதுகாப்பு டயோட்டும் வைத்தோம். அப்படியும் இரண்டு மாற்றி எரிந்தது. அந்த டயோட்டு முழுப் பாய்ச்சலில் 53 வோல்ற்றில்தான் பிடிக்கும். 40க்கும் 53க்கும் இடையில் மாற்றி தனியே அடிவாங்குகிறது. 60 வோல்ற்று தாங்கும் எல்.எம்.2596எச்.வி. வகையை வாங்கியபின் ஒன்றும் போகவில்லை. ஒரு அம்பியர் பியூஸும், மின்சாரம் இக்னிஷன் பக்கத்திலிருந்தும். பற்றரியில் நேரே கொடுத்தால் இரவு நிறுத்தி வைத்த பஸ் விடியவிடிய ‘நான் வருகிறேன்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஏற்பி வி.எஸ்.1838பி. இதற்கு ஒரு குணம்: 38 கிலோஹேர்ட்ஸை இடைவிடாமல் அனுப்பினால் அதைச் சத்தமென்று எண்ணித் தன் உணர்வைக் குறைத்துக்கொள்ளும். முதல் நாள் முழுக்க இதுதான் விளையாட்டுக் காட்டியது. ஒரு செக்கன் பிடிக்கும், பிறகு ஊமை. ரிமோட்டுகள் பேசும் என்.ஈ.சி. வடிவத்துக்கு மாறினோம்: 9 மில்லிசெக்கன் தலை, 4.5 இடைவெளி, 32 பிட், மொத்தம் 67.5; 110 மில்லிசெக்கனுக்கு ஒருதடவை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனி எண். சத்தத்தால் போலி எண் வருவது இல்லையென்றே ஆகிவிட்டது, ஏனென்றால் 32 பிட்டில் பாதி மற்றப் பாதியின் எதிர்மறை.

எட்டும் தூரம், அளந்தது: வெட்டவெளியில் 32 மீற்றர், முன் கண்ணாடிக்குள்ளால் 19, மழையில் 14. கண்ணாடியின் மேல் பட்டி நிறம் பூசியது, அதன் கீழே சாமிப் படம், பூமாலை. பெட்டியை இடது கீழ் மூலையில் வைத்தால்தான் வழி திறந்திருக்கும். ஏற்பியை முதலில் விளக்குக் கம்பத்திலேயே வைத்திருந்தோம். லூப் அங்கிருந்து 40 மீற்றர் தள்ளி. எட்டவே எட்டாது. லூப்பிலிருந்து 12 மீற்றர் முன்னால் தனிக் கம்பத்துக்கு அதை மாற்றினோம்.

ஏற்பி மேற்கைப் பார்க்கிறது. பின்னேரம் நாலரைக்குப் பிறகு வெயில் நேராக உள்ளே விழும், எட்டும் தூரம் ஐந்து மீற்றராகச் சுருங்கும். 40 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய் 20 சென்ரிமீற்றர், உள்ளே மங்கல் கறுப்புப் பூச்சு, 10 பாகை கீழே சாய்வு. இவ்வளவுதான் மருந்து. இன்னொரு தொல்லை பக்கத்துப் பெட்டிக்கடையின் சி.எஃப்.எல். குமிழ், அதன் உள்ளிருக்கும் மின்சுற்று 38ஐ ஒட்டிய அலைவெண்ணில் மின்னுகிறது. கடைக்காரருக்கு ஒரு எல்.ஈ.டி. குமிழ் வாங்கிக் கொடுத்தோம், செலவுக் கணக்கில் அதுவும் உண்டு.

இனி விதி: லூப்பில் வண்டி, அதற்கு முன்பின் இரண்டு செக்கனுக்குள் பஸ் எண், இரண்டும் சேர்ந்தால்தான் கோரிக்கை. எண் மட்டும் கேட்டால் எங்கோ நிற்கும் பஸ்ஸாக இருக்கலாம். லூப் மட்டும் என்றால் சாதாரண வண்டி.

இரண்டாம் வெட்டு

பழைய லூப் இரண்டையும் கைவிட்டு, மூன்று புதிய லூப், 2.4 மீற்றர் சதுரம், மூன்று சுற்று: வெளியே போகும் பக்கம் நிறுத்தக் கோட்டுக்கு 25 மீற்றர் முன்னால் ஒன்று, அந்தக் கோட்டிலேயே ஒன்று, உள்ளே வரும் பக்கம் கோட்டில் ஒன்று. பஸ்ஸின் நடு உடல் இப்போது 210 ஹேர்ட்ஸ் தருகிறது. முறிவில்லை.

ஏன் 40 மீற்றரை விட்டு 25? இடையில் பார்சல் ஏற்றும் கொட்டில் இருக்கிறது. பஸ் லூப்பைக் கடந்து, கோரிக்கை போய், பச்சை நீண்டு, பஸ் கொட்டிலடியில் நின்று மீன்பெட்டி ஏற்றிக்கொண்டிருக்கும். பச்சை வெறுமையாகக் கழிந்து, பஸ் வெளிக்கிடும்போது சிவப்பு. சந்திக்குச் சற்று முன்னால் பஸ் தரிப்பிடம் இருக்கும் எந்த வீதியிலும் இதே சிக்கல்தான். தரிப்பிடத்தைச் சந்திக்கு அப்பால் தள்ளுவதுதான் நல்ல வழி. சில நகரங்களில் கதவு மூடினால்தான் கோரிக்கை போகும்படி வைப்பதுண்டு. எங்கள் பஸ்களில் கதவு மூடுவதை நம்பி ஒன்றும் கட்டமுடியாது. ஆகவே லூப்பைக் கொட்டிலுக்கு இப்பால் கொண்டுவந்தோம். இதற்கு விலை உண்டு, அதைக் கீழே பாருங்கள்.

வயருக்கு இம்முறை சோலார் கடையில் விற்கும் 4 சதுர மில்லிமீற்றர் வயர். அதன் உறை குறுக்குப் பிணைப்புள்ளது; சூடும் ஈரமும் தாங்கும். புற விட்டம் 5.5 மில்லிமீற்றர், ஆகவே வாளை இரண்டுதடவை ஓட்டி வெட்டை 8 மில்லிமீற்றர் அகலமாக்க வேண்டும். மூன்று சுற்று ஒன்றின்மேல் ஒன்றாக 16.5, மேலே 33 மில்லிமீற்றர் மூடி. வெட்டை நல்ல தண்ணீரால் கழுவி, காற்றடித்து, ஒருநாள் வெயிலில் விட்டோம். கடற்கரை ஊரில் வெட்டுக்குள் உப்புத்தூள் இல்லாமல் இராது. மூடியது எப்பொக்சியும் காய்ந்த ஆற்று மணலும், ஒன்றுக்கு ஒன்றரை. கடல் மண்ணைக் கலக்காதீர்கள். ஒரு லூப்பின் வெட்டு நிரம்ப மூன்று லீற்றருக்குச் சற்று மேல் கலவை போகும்.

500 வோல்ற்று மெகரில் (மின்கசிவைப் பார்க்கத் தடை அளக்கும் கருவி) லூப்புக்கும் நிலத்துக்கும் இடையே 100 மெகாஓமுக்கு மேல் வேண்டும். முதல்முறை போட்டவை மழையில் 2க்கு விழுந்து பிறகு செத்தன. இவை மார்கழி மழையிலும் 200க்குக் கீழே இறங்கவில்லை.

முதல் வாரம் ஒரு வேடிக்கை: முன் லூப்பில் பஸ் ஏறினால் கோட்டு லூப்பும் ‘ஆம்’ என்றது. இரண்டின் வயரும் ஒரே குழாயில், இரண்டும் 67 கிலோஹேர்ட்ஸை ஒட்டி. ஒன்றின் கொண்டென்சரை 0.068ஆக மாற்றி 80க்கு மேலே தள்ளியதும் பேச்சு நின்றது.

சும்மா நிற்கும் அலைவெண்ணை மென்பொருள் மெதுவாகப் பின்தொடரவேண்டும், இல்லாவிட்டால் மழையும் வெயிலும் வண்டியாகத் தெரியும். ஆனால் ஒரு மணிநேரம் லூப்பின்மேல் நின்ற பஸ்ஸையும் அது ‘சும்மா’ என்று பழகிக்கொள்ளும். பஸ் போனதும் அலைவெண் அடிக்கோட்டுக்குக் கீழே விழும். அப்படி விழுந்தால் காத்திராமல் உடனே அதையே புதிய அடிக்கோடாக எடுக்கும்படி ஒரு வரி எழுதினோம். அந்த வரி இல்லாத காலத்தில் அடுத்த அரைமணி நேரத்துக்கு எந்த வண்டியும் தெரியவில்லை.

முன்னுரிமை என்ற கணக்கு

இரண்டே கருவி. ஒன்று, பச்சை முடியும் தறுவாயில் பஸ் வந்தால் பச்சையை நீட்டுவது. அதிகபட்சம் 10 செக்கன். மற்றது, சிவப்பில் வந்தால் எதிர்ப்பக்கப் பச்சையை முன்கூட்டி முடிப்பது. ஆனால் 8 செக்கனாவது எரிந்திருக்க வேண்டும். மஞ்சளையும் இருபக்கச் சிவப்பையும் தொடக்கூடாது. பொதுச் சந்தியில் என்றால் பாதசாரி கடக்கும் நேரமும் தொடமுடியாதது, செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பவருக்கு 10 மீற்றர் வீதியைக் கடக்க எட்டு செக்கனுக்கு மேல் வேண்டும்.

நீட்டலில் 67 செக்கன் மிச்சம். ஆனால் 25 மீற்றர் தூரத்துக்கு 6 செக்கன்தான். 92இல் அந்த 6 செக்கனுக்குள் வரும் பஸ்ஸுக்கு மட்டுமே அது கிடைக்கும். ஏறத்தாழ பதினைந்தில் ஒன்று. லூப் 40 மீற்றரில் இருந்திருந்தால் ஒன்பதரை செக்கன். கொட்டில் தின்ற விலை அதுதான். முன்கூட்டி முடிப்பதோ பலருக்குக் கிடைக்கும், ஆனால் 25இலிருந்து 8ஐக் கழித்த 17 செக்கனுக்கு மேல் மிச்சமில்லை: 67 ஐம்பதாகிறது. நடுவிலுள்ள இரண்டு 18ஐ எதுவும் அசைக்காது.

கோட்டு லூப் எதற்கென்றால், பஸ் கடந்ததும் கோரிக்கையை அழிக்க. முதலில் அது இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். பஸ் மூன்று செக்கனில் போய்விட்டாலும் பச்சை பத்தும் எரிந்து தீரும். உள்ளே வரக் காத்திருப்பவர் ஹோர்ன் அடிப்பார். பஸ்ஸைக் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள். அது போய்விட்டதைக் கண்டுபிடிப்பதுதான் மற்ற வண்டிக்காரர் இந்த ஏற்பாட்டைப் பொறுத்துக்கொள்ள வைக்கிறது. அதே காரணத்துக்காக ஒரு சுற்றுக்கு ஒரு முன்னுரிமைதான், அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கம் தன் 25ஐக் குறைவின்றிப் பெறும். லூப்பில் பழுதாகி நிற்கும் பஸ்ஸுக்கு 30 செக்கன் எல்லை. பிறகு அதன் எண் 20 செக்கன் கேட்காமல் போகும்வரை அதைக் கணக்கெடுப்பதில்லை.

இரு பச்சையும் சேர்ந்து எரியாமல் மென்பொருளை நம்பி விடவில்லை. ஒரே ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் ஆளி) மாறுமுனை: ஒருபக்கம் தொட்டால் ‘உள்ளே’ பச்சை, மறுபக்கம் தொட்டால் ‘வெளியே’ பச்சை. முனை ஒட்டிப்போனாலும் ஒன்றுக்குத்தான் மின்சாரம். அதற்குமேல் இன்னொரு ரிலே இரண்டு பச்சையையும் சேர்த்து வெட்டும். கட்டுப்பாட்டுப் பெட்டி உறைந்தால் அது விழுந்து இரு முனையும் சிவப்பு. சும்மா பயந்து செய்ததல்ல. மூன்றாம் மாதம் ரிலே முனைகளுக்கிடையே பல்லி ஒன்று புகுந்து காய்ந்து கிடந்தது. பெட்டிக்குள் வயர் எல்லாம் கீழ்ப்பக்கத்தால்தான் புகவேண்டும், ஒவ்வொரு துளைக்கும் வயரை இறுக்கி மூடும் கிளாண்ட், அடியில் 3 மில்லிமீற்றர் வடிதுளை ஒன்று, அதற்கு நுளம்புவலை. இணைப்புகளை ஈயம் வைத்து, சிலிக்கன் கிறீஸ் பூசி விடுங்கள். வெறும் திருகுமுனை உப்புக்காற்றில் நாலு மாதத்தில் பச்சை பிடித்துவிடும். ஐப்பசி இடிமழைக்கு ஒவ்வொரு லூப்பிலும் தனிமைப்படுத்தும் சிறு ட்ரான்ஸ்போமரும், மின்னல் பாய்ச்சலைத் திருப்பிவிடும் 90 வோல்ற்று வாயுக் குழாயும்.

செலவு, நாங்கள் கொடுத்த விலைப்படி: சோலார் வயர் 165 மீற்றர் 46,200 ரூபா, எப்பொக்சி 22,000, கிறைண்டர் வாடகையும் வைர வாளும் 11,500, 200 மில்லிமீற்றர் விளக்குத் தொகுதி இரண்டு 38,000, பெட்டி, ரிலே, அலையூட்டி, பிற மின்னணுச் சாமான் 21,000, பஸ் பெட்டி எட்டு, ஒன்று 3,400 வீதம் 27,200. கூட்டினால் 165,900. முதல்முறை வீணாய்ப்போன வயர், தார், வாள், எரிந்த மாற்றி, கடைக்காரரின் குமிழ் எல்லாம் வேறாக 24,000.

அடுத்தமுறை மாற்றுவது முதலில் கொட்டில். பார்சல் ஏற்றுவதை லூப்புக்குப் பின்னால் தள்ளினால் லூப்பை 40 மீற்றருக்குக் கொண்டுபோகலாம், நீட்டல் கிடைக்கும் பஸ் கூடும். பெட்டிகளுக்கு 24 வோல்ற்றுக்கென்றே செய்த மாற்றி. வயருக்கு லூப்புக்கு ஒன்றாகத் தனித்தனிக் குழாய். இருபக்கச் சிவப்பின் 18 செக்கனைக் குறைப்பதுதான் பஸ் முன்னுரிமையைவிடப் பெரிய லாபம். ஒழுங்கைக்குள் போனவை, வெளியே வந்தவை இரண்டையும் எண்ணி, வெறுமையென்றால் உடனே பச்சை கொடுக்கலாம். ஆனால் 2.4 மீற்றர் லூப்பின் நடுவால் போகும் மோட்டார் சைக்கிள் சிலவேளை இன்னும் பதிவதில்லை. கம்பியின்மேல் போனால்தான் பதிகிறது. அது தீரும்வரை 18 அப்படியே இருக்கிறது.